சின்ன அவமானம்

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் மாலே நகரத்துத் தெருக்களில் ஆண்கள் நடமாட்டமே இருக்காது. கடைகளின் இரும்புக் கதவுகள் இறங்கிவிடும். மோட்டார் சைக்கிள்கள் சந்து நெடுக ஒன்றின் தோளில் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கும். பள்ளிவாசல்களில் இடம் கொள்ளாமல் தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தவர்களின் முதுகுகள் மட்டும் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் நஸீஹா கடற்கரைக்குக் காற்று வாங்கப் போவாள். விவாகரத்து ஆகி உம்மா வீட்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து இது பழக்கம். யாரும் பார்க்காமல், யாரும் நின்று விசாரிக்காமல் நடக்க அவளுக்கு அந்த ஊரில் வேறு நேரம் கிடையாது. அன்றும் கிழக்குக் கரையோரம் நடந்துகொண்டிருந்தவள், அலையைத் தடுக்கக் கொட்டியிருந்த சிமென்ட் கட்டைகளின் இடுக்கில் ஒருவன் குந்தியிருப்பதைப் பார்த்தாள். முதுகில் இருந்த சட்டை காலையில் அவளே இஸ்திரி போட்டது. அவளுடைய தம்பி சினான். கையில் போன். உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

அவள் கூப்பிடவில்லை. வந்த வழியே திரும்பி நடந்தாள். வீட்டுக்கு வந்து அவன் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தபோது உம்மா கேட்டாள், "கூட்டம் ஜாஸ்தியாடா?"

"ஆமா உம்மா. வெளியதான் எடம் கெடச்சுது."

அவன் முகத்தில் ஒன்றுமில்லை. மீன் ரசத்தை ஊற்றி எலுமிச்சையைப் பிழிந்துகொண்டான். இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்ல இவன் எப்போது கற்றுக்கொண்டான் என்று நஸீஹா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சிமென்ட் கட்டைகளின் இடுக்கில் உட்காரும் பையன்கள் எதற்காக உட்காருகிறார்கள் என்று ஊருக்கே தெரியும். அவர்களுடைய சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், வஹீதாவின் சமையலறை ஜன்னல். வஹீதாவின் மகன் போதைப் பவுடர் பழகி வீட்டிலிருந்த கேஸ் அடுப்பைக்கூட விற்றுவிட்டு, இப்போது மறுவாழ்வுத் தீவில் கிடக்கிறான். எதெதையெல்லாம் கவனிக்காமல் விட்டேன் என்று அந்த ஜன்னல் வழியாக அவள் சொல்லிச் சொல்லி அழுததெல்லாம் நஸீஹாவுக்கு மனப்பாடம். அதையெல்லாம் இப்போது தம்பியிடம் தேடினாள். அவன் குளிக்கப் போன நேரத்தில் பையைக் கொட்டிப் பார்த்தாள். சட்டையை முகர்ந்தாள், உப்பும் சோப்பும்தான். கண்ணைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், எவ்வளவு சாப்பிடுகிறான் என்று பார்த்தாள். ஐந்து வருஷம் ரிசார்ட்டில் படகோட்டியாக இருந்துவிட்டு, காரணம் சொல்லாமல் வேலையை விட்டு வந்தவன். அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஒரு மாலை அவன் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனபோது இவளும் பின்னாலேயே போனாள். தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே கொடி. அவன் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்டாள்.

"வெள்ளிக்கெழம எங்க இருந்த?"

அவன் கையில் இருந்த துணியை உதறி மாட்டினான். "பாத்துட்டியா?"

"என்ன எடுக்கற? பவுடரா?"

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"சொல்லுடா. எங்கிட்டதான. உம்மாகிட்ட சொல்லமாட்டேன். ஆரம்பத்துலயே சொன்னா ஏதாவது செய்யலாம்."

"அது இல்லக்கா."

"அப்புறம் என்ன?"

அவன் சொன்னான். தணிந்த குரலில், இரண்டே வாக்கியத்தில், கொடியிலிருந்து கையை எடுக்காமல். அவன் சொன்னது முழுசாக உள்ளே இறங்குவதற்கு முன்பே அவள் கண் பக்கத்து மொட்டைமாடிகளைத் துழாவியது. ஒரு மாடியில் யாரோ ஒருத்தி பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பாததே வேண்டுமென்றுதானோ என்று இருந்தது.

"பவுடர்னு சொல்லுடா," என்றாள் நஸீஹா. கெஞ்சுகிற மாதிரி இருந்தது அவள் குரல்.

"அக்கா."

"வாப்பாவுக்கு ஜனாஸா தொழுக நடத்தினது நீ. அவர் மொகத்துமேல மண்ணு போட்ட கை இது. அப்ப என்னவா இருந்த?"

அவன் கடைசித் துணியை எடுத்து மாட்டினான். பிறகு ரிசார்ட்டின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பிலிப்பைன்ஸ்காரனைப் பற்றிச் சொன்னான். ரோமெல் என்று பேர். ஊரில் அவனுடைய குழந்தை செத்துப்போனபோது லீவு கிடைக்கவில்லை. படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டுக்கொண்டே முனகலாக ஏதோ பாடிக்கொண்டிருந்தானாம். அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. எப்படிடா உன்னால முடியுது என்று இவன் கேட்கப்போக, அவன் பயந்துபோய் கையெடுத்துக் கும்பிட்டானாம். என்னைக் கேட்காதே, நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும், ஜெயிலுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று. "அவன் ஒரு வார்த்த சொல்லலக்கா. நானாத்தான் பைபிளத் தேடிப் படிச்சேன். ரெண்டு வருஷமா."

"எத்தன பேரு இருக்கீங்க?"

"எனக்குத் தெரிஞ்சு நான் ஒருத்தன்தான். இன்னொருத்தர் இருந்தா, அவரும் தான் ஒருத்தர்தான்னு நெனச்சுட்டிருப்பார்." அவன் காலியான வாளியைக் கையில் எடுத்தான். "ஒருத்தன் போன்ல செய்தி அனுப்பறான். நம்ம பாஷையிலயே. நானும் உன்ன மாதிரிதான், பாக்கலாமான்னு கேக்கறான். நான் பதில் போடல. புடிக்கறதுக்கு வெச்ச வலையா இருக்கலாம். ஆனா நெசமாவே ஒருத்தன் அங்க தனியா உக்காந்து என் பதிலுக்குக் காத்துட்டிருந்தா? அத நெனச்சாத்தான் சோறு எறங்க மாட்டேங்குது."

நஸீஹாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. அவள் தொழாமல் விட்ட வேளை கிடையாது. மறுமையில் இவனுக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடக் கிட்டத்தில், இந்த நாலு மாடி ஏறி இருபது ஆண்கள் வந்து கதவை உடைப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மார்க்கம் மாறினால் குடியுரிமை போய்விடும் என்பார்கள். பிறந்த மண்ணில் பிறந்தவனே இல்லை என்று ஆகிவிட்டால் ஒருவன் எங்கே போய் நிற்பான், சுற்றிலும் கடல்.

அதற்குப் பிறகு அவளுக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. பள்ளி அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரி, "தம்பி இன்னும் வேலைக்குப் போகலியா?" என்று கேட்டால், இவளுக்கு எதற்கு என் தம்பி என்று தோன்றியது. இத்ரீஸ் மாமா போன் செய்து வெறுமனே நலம் விசாரித்துவிட்டு வைத்தால், ஏன் கூடுதலாக ஒரு நிமிஷம் பேசினார் என்று யோசித்தாள். சினான் மேலும்தான் சந்தேகம். உம்மாவிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால் என்ன பேசுகிறான் என்று கதவோரம் நின்று கேட்டாள். சாப்பாட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு அவன் உதடு லேசாக அசையும். அப்போதெல்லாம் மேஜைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தாள். அவன் வலியைக் காட்டிக்கொள்ளாமல் ரொட்டியைப் பிய்ப்பான். உம்மா எதையும் கவனிக்காமல் மாசிக் கருவாடும் தேங்காயும் பிசைந்துகொண்டிருப்பாள்.

இத்ரீஸ் மாமா ஒரு நாள் மாலை அஸர் தொழுதுவிட்டு நேராக வீட்டுக்கு வந்தார். உம்மாவுக்கு மூத்தவர். வாப்பா செத்த பிறகு இந்த வீட்டு வாடகைக்கு முன்நின்றவர், நஸீஹாவின் விவாகரத்துக்குக் கோர்ட்டுப் படி ஏறியவர். கெட்ட மனுஷன் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றபோது நஸீஹாவுக்குப் பயமாக இருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. எதிர் ஜன்னலில் வஹீதா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியின் சத்தம் இங்கே கேட்டது. நஸீஹா ஜன்னலைச் சாத்தப் போனாள். "வெக்கையா இருக்கு, விடு," என்றாள் உம்மா.

"சினான்," என்றார் மாமா. "நம்ம தெரு பள்ளியில ஒன்னப் பாத்து எத்தன நாளாச்சு? வேற பள்ளிக்குப் போறேன்னு நெனச்சேன். அங்கயும் கேட்டுட்டேன்."

சினான் எழுந்து நின்றான்.

"ரிசார்ட்ல ஒன்னோட படகுல இருந்தவன் ஒருத்தன் எங்க மீன் மார்க்கெட்டுக்கு வரான். ஒன்னப் பத்திக் கேட்டேன். நல்லவன்தான், ஆனா தனியா உக்காந்து எதையோ படிச்சுட்டிருப்பான், கிட்டப் போனா போன அணைச்சிடுவான்னு சொன்னான். என்ன படிச்ச? நீயே சொல்லிடு. வெளிய இருந்து என் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி."

வெங்காயம் நறுக்குகிற சத்தம் நின்றிருந்தது. நஸீஹா தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் மூச்சை உள்ளே இழுத்தான். சொல்லிவிடப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மொட்டைமாடியில் சொன்ன அதே தணிந்த குரலில், அதே இரண்டு வாக்கியம்.

"பவுடர் பழகிட்டான், அண்ணே," என்றாள் உம்மா.

எதிர் ஜன்னலுக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னாள். அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிவைத்துவிட்டு, தலைத்துணியின் நுனியால் கண்ணைத் துடைத்தாள். "வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. போன்லதான் விக்கிறவன்கூடப் பேசறான். அதத்தான் அணைச்சு அணைச்சு வெக்கிறான். எத்தன நாளு நானும் மறைப்பேன்."

மாமா சினானைப் பார்த்தார். "நெசமா?"

சினான் உம்மாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலை மட்டும் தாழ்ந்தது. அது போதுமாக இருந்தது மாமாவுக்கு. அவர் முகத்தில் அதுவரை இறுகியிருந்த ஏதோ ஒன்று தளர்ந்து, கிட்டத்தட்டச் சந்தோஷம் மாதிரி ஒன்று வந்தது. கிட்டே வந்து அவனைக் கட்டிக்கொண்டார். "அட மடப்பயலே. நான் என்னென்னவோ நெனச்சுப் பயந்துட்டேன்டா. இது வியாதிதானே. இதுக்கு மருந்து இருக்கு." அவருக்கு அழுகை வந்துவிட்டது. திங்கட்கிழமையே சோதனை மையத்துக்குப் போகலாம், அங்கே தெரிந்த ஆள் இருக்கிறான், சிறுநீர் சோதித்ததும் அன்றைக்கே தீவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, போகும்போது சினானின் தலையில் கை வைத்து ஓதிவிட்டுப் போனார்.

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் நஸீஹா கதவைத் தாழிட்டாள். "உம்மா, ஒனக்கு எப்படி..."

"சோத்துக்கு முன்னாடி அவன் வாய் அசஞ்சா நீ எதுக்குடி அவன் கால மிதிக்கிற?" என்றாள் உம்மா. "அல்லா பேரால பிஸ்மி சொல்றவன் கால யாராவது மிதிப்பாங்களா?"

வஹீதா மறுநாள் ஒரு தட்டு நிறைய மீன் போண்டாவோடு வந்தாள். இத்தனை வருஷத்தில் வாசல் வழியாக அவள் வந்தது அதுதான் முதல் தடவை. உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம ரெண்டு வீட்டுத் தலையிலயும் ஒரே எழுத்து என்று அழுதாள். தன் மகன் இருக்கும் தீவில் சாப்பாடு பரவாயில்லை, கொசுதான் தொல்லை என்றாள். உம்மாவும் அழுதாள். இருவரும் கிராம்பு வைத்துப் பாக்கு மென்றார்கள். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு மனுஷர்கள் இயல்பாகப் பேசிக்கொண்டிருப்பதுபோல இருந்தது. கிளம்பும்போது வஹீதா கூடத்தில் உட்கார்ந்திருந்த சினானின் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"என் பையன் கண்ணு இப்படி இருந்ததே இல்ல. இது நல்லாத் தெளிவா இருக்கு."

நஸீஹா காலித் தட்டைக் கொண்டுவந்து வஹீதாவிடம் நீட்டினாள்.

"ஆரம்பம்தானே," என்று அவளே சொல்லிக்கொண்டாள். செருப்பை மாட்டியபடி நஸீஹாவைப் பார்த்து, "சோதனையில அவங்க எதையும் விடமாட்டாங்க. என் பையன் மொதல்ல ஒத்துக்கவே இல்ல. பல்லு வலின்னு மாத்திர போட்டேன், அதான் காட்டுதுன்னு சாதிச்சான். மாத்திர போட்டாலும் காட்டுமாமே," என்றாள். சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அது தூண்டில் போட்டதா, கை கொடுத்ததா என்று நஸீஹா திங்கட்கிழமை வரைக்கும் யோசித்துக்கொண்டே இருந்தாள். வஹீதாவிடம் போய்க் கேட்க முடியாது. கேட்டால், கேட்டதே பதிலாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உம்மா அலமாரியைத் திறந்தாள். முழங்கால் ஆப்பரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்து, பத்திரமாகப் பூட்டி வைக்கச் சொன்ன வலி மாத்திரைகள் மிச்சம் இருந்தன. இரண்டை எடுத்து ஒரு சின்னத் தட்டில் வைத்து, கறுப்புத் தேநீரோடு சினான் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

அவன் தட்டைப் பார்த்தான். "உம்மா, மாமா கேட்டப்ப நான் பொய் சொல்லல. நீ சொன்ன. நான் சும்மா நின்னேன். அதுக்கே நான் மூணு நாளா..." அவன் தட்டை ஓரமாக நகர்த்தினான்.

"நீ பொய் சொல்ல வேண்டாம். வாய மூடிட்டு முழுங்கு. மத்தத அவங்க மிஷினு சொல்லும்."

"அங்க அனுப்பினா அஞ்சு வேளையும் தொழ வரிசையில நிறுத்துவாங்க. பக்கத்துல ஆளு நிக்கும்."

"நிக்கட்டும்," என்றாள் உம்மா. "நெத்தி தரையில படப்பட மனசு தானா எறங்கும். நான் துவா செஞ்சுட்டே இருப்பேன்."

அப்போதுதான் நஸீஹாவுக்குப் புரிந்தது. உம்மா அவனை ஒளித்துவைக்க மட்டும் அனுப்பவில்லை. சினானுக்கும் அது புரிந்திருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்திருப்பவர்கள், எதிராளி எவ்வளவு இழுப்பான் என்று பார்க்கிற மாதிரி இருந்தது.

"நான் முழுங்கலன்னா?"

"மாமா கேப்பார், அப்புறம் என்னதான்டா ஒனக்குன்னு. அப்ப நீ உண்மையச் சொல்லுவ. நீ சொல்லிடுவன்னு எனக்குத் தெரியும். அந்த மனுஷன் என்ன செய்வார்னு எனக்குத் தெரியாது. ஒன்ன அவர் தூக்கி வளத்திருக்கார். அதுக்காக அவரச் சோதிக்காத." உம்மா எழுந்து மகளைப் பார்த்தாள். "வா, நாம வெளிய இருப்போம்."

அவர்கள் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். திரும்பி வந்தபோது தேநீர் குடிக்கப்பட்டிருந்தது. தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. சினான் ஜன்னலோரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தான். முகம் தெரியாத அந்த ஆளுக்குக் கடைசியில் பதில் போடுகிறானோ, இல்லை அவன் அனுப்பியதையெல்லாம் அழிக்கிறானோ. நஸீஹா கேட்கவில்லை. தட்டை யார் கழுவினார்கள் என்று உம்மாவும் கேட்கவில்லை.

சோதனை மையத்தில் மாமா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போய், தெரிந்த ஆளைப் பிடித்துவிட்டார். பெண்கள் உட்காரும் பெஞ்சில் நஸீஹா தனியாகக் காத்திருந்தாள். உம்மா வரவில்லை, முழங்கால் வலி என்றாள். பக்கத்தில் இருந்த ஒருத்தி, "தம்பியா? எனக்கு புருஷன்," என்றாள். நஸீஹா தலையாட்டினாள். இவள் நிஜமாகவே புருஷனுக்காக வந்தவள்தானா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது. பிறகு அந்தப் பெண்ணின் தேய்ந்த செருப்பைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. வெகு நேரம் கழித்து ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மாமாவைக் கூப்பிட்டாள்.

"இருக்கு," என்றாள்.

மாமா கண்ணை மூடி, அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்தப் பெண் விநோதமாக அவரைப் பார்த்தாள். சினான் சுவரில் சாய்ந்து நின்றிருந்தான். அவன் முகம் வெளுத்திருந்தது. எதையோ விற்றுவிட்டு வந்தவன் மாதிரி நின்றான். நஸீஹா கிட்டே போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். "கால மிதிக்க அங்க ஆளு இருக்காது," என்றாள் மெல்ல. "நீயே பாத்துக்கணும்."

"பாத்துக்கறேன்," என்றான். அப்புறம், "அக்கா, உம்மா மேல கோபம் இல்லன்னு சொல்லிடு," என்றான்.

தீவுக்குப் போகும் படகு பிற்பகல் வெயிலில் துறைமுகத்தில் நின்றது. மாமா கையில் கட்டி வைத்திருந்த ரொட்டிப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்து, மறுபடியும் கட்டிப்பிடித்து, அவன் ஏறியதும் கரையில் நஸீஹாவின் பக்கத்தில் வந்து நின்றார். "நல்ல வேளம்மா. சீக்கிரமே புடிச்சிட்டோம்," என்றார்.

படகில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்கு மீசைகூட முளைக்கவில்லை. காவலர் ஒருவர் முழங்கையை நீட்டச் சொல்லி ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். பெரும்பாலோருக்குக் கறுத்த ஊசித் தழும்புகள். அவர் நிற்காமல் அடுத்தவனிடம் போனார். சினான் சட்டைக் கையை மடக்கித் தன் கையை நீட்டினான். படகு வேலையில் வெயில் பட்டுக் கறுத்திருந்த புறங்கைக்கு மேலே, முழங்கையின் உள்பக்கம் வெளுப்பாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. காவலர் நின்றார். அந்த இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார். இன்னொரு கையையும் காட்டச் சொன்னார். பிறகு குனிந்து அவன் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்.

சினான் ஏதோ சொன்னான். ஒரு வார்த்தையா, இரண்டு வாக்கியமா தெரியவில்லை. எஞ்சின் கிளம்பிவிட்டதால் கரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த பையன்கள் இருவரும் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார்கள். கயிறு அவிழ்ந்து தண்ணீரில் விழுந்தது. படகு பின்னால் நகர்ந்து, மெல்ல வளைந்து, வெளிக்கடலைப் பார்த்துத் திரும்பியது. காவலர் இன்னும் அவன் கையை விடவில்லை.